சுண்டுவிரலும் மோதிரவிரலும்

கஸ்பரின் கை தொப்பி விளிம்பில் இருக்கும்போதே வாள் இறங்கிவிட்டது. முதலில் மணிக்கட்டு, பிறகு தலை. கஸ்பர் என் தங்கை பிரோன்யாவின் புருஷன். கல்யாணமாகி பத்து மாதம்கூட ஆகவில்லை. அன்றைக்குக் காற்றாலை வாசலில் அவனைப் பாராவுக்கு நிறுத்தியதும் நான்தான்.

வந்தவர்கள் குதிரைப்படையினர். எல்லோர் மேலும் நம் போலந்துப் படையின் கோட்டு. முன்னால் வந்தவனுக்குத் தோளில் லெப்டினன்ட் நட்சத்திரம். கஸ்பர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அதிகாரியைக் கண்டதும் பதறிப்போய் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு சல்யூட் அடித்தான். குதிரைமேல் இருந்தவனும் பதிலுக்குக் கையைத் தூக்கினான், ஆனால் இறக்கவில்லை. பெரியவர் இறக்காமல் சின்னவன் இறக்கக் கூடாது என்பது சட்டம். கஸ்பர் ஒழுங்கான பிள்ளை, அப்படியே நின்றான். பக்கவாட்டில் வந்த இன்னொருத்தன் வெட்டினான்.

நான் ஆலையின் மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சுடக்கூடத் தோன்றாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அன்று இருபத்து மூன்று பேர் போனார்கள். வ்க்ரா ஆற்றின் இந்தக் கரைக்கு ஓடிவந்து லிபோவா கிராமத்தில் எண்ணிப் பார்த்தபோது எங்கள் கம்பெனியில் அறுபத்தோரு பேர் மிச்சம். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ஆகஸ்ட். ரஷ்யாவின் சிவப்புப் படை எங்கள் தலைநகர் வார்சாவுக்கு இரண்டு நாள் தூரத்தில் இருந்தது.

கேப்டன் ஜரெம்பாவிடம் நான் சொன்னது ஒன்றே ஒன்று. "கேப்டன் ஐயா, அந்த லெப்டினன்ட் கைய முழுசா விரிச்சு சல்யூட் அடிச்சான். நாலு விரலும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு."

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் படையில் சல்யூட் என்றால் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும்தான். இரண்டையும் ஒட்டி நீட்டித் தொப்பி விளிம்பைத் தொட வேண்டும். சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் மடக்கிக் கட்டைவிரலால் அமுக்கிக்கொள்ள வேண்டும். வேறு எந்தப் படையிலும் இந்த வழக்கம் கிடையாது. தொப்பி இல்லாத தலைக்கு சல்யூட்டும் கிடையாது.

"அப்பச் சரி," என்றார் கேப்டன். "இனி கோட்டையும் நம்பாதீங்க, நட்சத்திரத்தையும் நம்பாதீங்க. விரலப் பாருங்க. ரெண்டுன்னா நம்ம ஆளு. முழுக் கைன்னா கேள்வியே கேக்க வேணாம்."

என் பேச்சு ஒரு மணி நேரத்தில் கம்பெனியின் சட்டமாகிவிட்டது. நான் சொல்லாமல் விட்டதை இப்போது சொல்கிறேன். நானும் நான்கு வருடம் முழுக் கையால் சல்யூட் அடித்தவன்தான். நூற்றுச் சொச்ச வருடம் எங்கள் நாட்டை மூன்று பேரரசர்கள் பங்கு போட்டு வைத்திருந்தார்கள். தார்னுவ்காரனான நான் வியன்னாவின் பேரரசருக்காகச் சண்டை போட்டேன். கேப்டன் ரஷ்யப் பக்கத்து ஆள். போஸ்னான் பக்கத்துக்காரர்கள் ஜெர்மன் கெய்சருக்காகச் செத்தார்கள். நாடு திரும்பக் கிடைத்ததும் மூன்று படையின் மிச்சத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். இந்த இரண்டு விரலும் மடங்கிப் பழக எனக்கே ஆறு மாதம் பிடித்தது. நம்மவர்களிலும் முழுக் கைக்காரர்கள் இருப்பார்கள் என்று அந்தக் கம்பெனியில் வேறு யாரைவிடவும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் கஸ்பரின் அறுந்த கை கண்ணிலேயே நின்றது. அந்த நேரத்தில் எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை, யாராவது ஒருத்தன் கைக்குக் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

மூன்றாம் நாள் காலை கிடைத்தான்.

நாணல் பக்கமிருந்து கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். இடுப்புவரை சேறு. பிரெஞ்சுக் கோட்டு, ஜெர்மன் கால்சட்டை, காதுவரை இறங்கும் பெரிய போலந்துத் தொப்பி. அந்த நாளில் எங்கள் எல்லோருடைய உடுப்பும் அப்படித்தான், கிடைத்ததை மாட்டிக்கொள்வது. "சுட்டுடாதீங்கப்பா! நம்ம ஆளு! நம்ம ஆளு!" என்று கத்திக்கொண்டே வந்தான். இயந்திரத் துப்பாக்கிக்காரன் குஸ்தாவ் அவனைக் கழுத்தில் பிடித்துத் தள்ளிக்கொண்டு கிணற்றடிக்குக் கொண்டுவந்தான்.

என் சார்ஜன்ட் பட்டையைப் பார்த்ததும் அவன் குதிகால்களைச் சேர்த்து நின்று சல்யூட் அடித்தான். முழுக் கை.

முற்றத்தில் இருந்தவர்கள் நெருங்கி வந்தார்கள். பிறகு குஸ்தாவ் சிரித்தான். "பாத்தீங்களா சார்ஜன்ட், கதவத் தொறந்து வச்ச மாதிரி எப்படி விரிக்கிறான்னு! வாடா மாப்ள, உனக்காகத்தான் மூணு நாளா காத்திருக்கோம்."

முதல் அடி என்னுடையது. துப்பாக்கிக் கட்டையால் வயிற்றில் குத்தினேன். மடங்கி விழுந்தவனை ஆளுக்கு நான்கு உதை விட்டார்கள். தொப்பி பறந்து சேற்றில் விழுந்தது, எவனோ அதன்மேல் ஏறி மிதித்தான். தூக்கி நிறுத்தியபோது ஒரு கண் மூடிவிட்டது, உதட்டோடு முன்பல் ஒன்று தொங்கியது.

"பேரு?"

"சில்வெஸ்டர் மாச்கோவியாக். லான்ஸ் கார்ப்பரல். போஸ்னான் பக்கம்."

"பேச்சே ஜெர்மன்காரன் மாதிரி இழுக்குது," என்றான் குஸ்தாவ்.

"எங்க ஊர்ல அப்படித்தாங்க பேசுவோம். கெய்சர் படையில மூணு வருஷம் இருந்தேன், கை அதுவா விரியுது. கைய விடுங்க, சொல்றதக் கேளுங்க." அவன் ரத்தத்தைத் துப்பினான். "எங்க ரோந்துல பன்னெண்டு பேரு. விடியக்காலை ஆத்துத் துறையில மடக்கிட்டானுங்க. நான் நாணலுக்குள்ள கிடந்து எல்லாத்தையும் பாத்தேன். வெட்டிப் போட்டுட்டு ஒவ்வொருத்தன் கோட்டையா உருவுனானுங்க. எங்க ஊதுகொம்புக்காரன மட்டும் உயிரோட வச்சிருக்கானுங்க. அடிக்கிற அடியில அவன் எல்லாத்தையும் சொல்லிருவான். எப்படி நடக்கணும், எப்படி சல்யூட் அடிக்கணும், எல்லாம். இன்னிக்கே இங்க வருவானுங்க."

"எங்களப் பயமுறுத்த உன்ன அனுப்புனானுங்களா?"

"முன்னாடி வர்றவன் எங்க லெப்டினன்ட்டோட குதிரையில வருவான். சாம்பல் குதிரை. இடது காது பாதிதான் இருக்கும். அத மட்டும் மனசுல வச்சுக்கங்க சார்ஜன்ட்."

கதை நல்ல கதையாகத்தான் இருந்தது. எனக்கு உள்ளே எங்கோ உறுத்தியது. ஒரு நிமிஷம் கொடுத்திருந்தால் கேப்டனைக் கூப்பிட்டு, ஐயா, போஸ்னான்காரர்கள் இப்படித்தான் அடிப்பார்கள் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. அவன் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுக்கவில்லை. ஒற்றைக் கண்ணால் என்னை உற்றுப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டான்:

"உங்க பேச்சு தார்னுவ் பக்கம் மாதிரி இருக்கே சார்ஜன்ட். வியன்னா ராஜாவுக்கு நீங்க மட்டும் ரெண்டு விரல்லயா அடிச்சீங்க?"

குஸ்தாவ் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். சுற்றி நின்ற எல்லோரும் பார்த்தார்கள். மூன்று நாளாகத் தூங்காத, இருபத்து மூன்று பேரைப் பறிகொடுத்த ஆட்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பார்வைக்குப் பயந்தேன். வேறொன்றுமில்லை.

"இவனுக்கு ரெண்டு விரல் மடங்கலையாம்," என்று கத்தினேன். "நான் மடக்கி விடுறேன். புடிங்கடா கைய!"

குஸ்தாவ் அவன் வலது மணிக்கட்டைப் பிடித்துக் கிணற்றின் கல் விளிம்பில் அழுத்தினான். இன்னொருத்தன் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டான். நான் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையின் இரும்பு முனையால் இடித்தேன். முதல் இடியில் சுண்டுவிரல் நசுங்கியது. மோதிரவிரலுக்கு இரண்டு இடி தேவைப்பட்டது. எலும்பு உடையும் சத்தம் சுள்ளி முறிகிற மாதிரிதான் கேட்டது. அவன் அலறிய அலறலில் கொட்டடியில் இருந்த பசுக்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு கதறின.

"இப்ப மடங்குதா?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். அந்தக் குரலை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியவில்லை.

கேப்டன் சத்தம் கேட்டு வந்தார். முழுக் கை என்று சொன்னோம். ஊதுகொம்புக்காரன், சாம்பல் குதிரை, எல்லாவற்றையும் குஸ்தாவ் கேலியாகச் சொன்னான். நான் வாயைத் திறக்கவில்லை. கேப்டன் பட்டாலியனுக்குத் தொலைபேசியில் கேட்கச் சொன்னார், கம்பி அறுந்து கிடந்தது.

"சூப் குடிச்சிட்டு முடிச்சிடலாம்," என்றார் என்னிடம். "ஸ்டெல்மாக், சுட ஆறு பேர எடுத்துக்க. நீயே நடத்து."

அவனைக் கிணற்றின் ஏற்றமரத்தில் கட்டினோம். கைகளைப் பின்னால் மரத்தைச் சுற்றிக் கொண்டுபோய் முறுக்கும்போது உடைந்த விரல்கள் என் கையில் பட்டன. அவன் கத்தவில்லை. "தொப்பியக் கொடுத்திருங்க," என்றான். "வெறுந்தலையோட சாக மாட்டேன்." குஸ்தாவ் அதற்குப் பதிலாக ஒரு கந்தலைச் சுருட்டி அவன் வாயில் திணித்தான்.

நண்பகலுக்கு பார்லி சூப் கொதித்தது. மூன்று நாளில் முதல் சூடான சாப்பாடு. பாதிப் பேர் துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்து வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். நான் என் தட்டை வாங்கிக்கொண்டு மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். துப்பாக்கி மடியில் கிடந்தது.

ஆலைப் பாதையில் குதிரைகள் தெரிந்தன. பன்னிரண்டு பேர். போலந்துக் கோட்டு. பாராக்காரன் நிறுத்தினான். முன்னால் வந்த லெப்டினன்ட் ஏதோ சிரித்துப் பேசினான், பாராக்காரன் வழிவிட்டான். முற்றத்துக்குள் நிதானமாக நடத்திக்கொண்டு வந்தார்கள். கேப்டன் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்து தொப்பியைப் போட்டுக் கழுத்துப் பொத்தானை மாட்டினார்.

லெப்டினன்ட் ஆறு அடி தூரத்தில் குதிரையை நிறுத்தி சல்யூட் அடித்தான். இரண்டு விரல். ஆள்காட்டியும் நடுவிரலும் ஒட்டி நீண்டிருந்தன, மற்ற இரண்டும் மடங்கியிருந்தன, கட்டைவிரல் மேலே. அதைவிடச் சுத்தமாக நானே அடித்ததில்லை.

கேப்டனின் முகம் மலர்ந்தது. அவரும் கையைத் தூக்கினார். "நம்ம ஆளுங்கதான்," என்றார் என்னைத் திரும்பிப் பார்க்காமல். "விரலப் பாத்தியா?"

பின்னாலிருந்து தொம், தொம் என்று ஒரு சத்தம். சில்வெஸ்டர் தன் பின்மண்டையை மரத்தில் மோதிக்கொண்டிருந்தான். மோதும் ஒவ்வொரு தடவையும் ஏற்றத்தின் சங்கிலி குலுங்கியது. "சும்மா இருடா நாயே, உன் முறை வரும்," என்று வரிசையில் இருந்து யாரோ சொன்னார்கள்.

நான் குதிரையைப் பார்த்தேன். சாம்பல் நிறம். சாம்பல் குதிரை ஊரில் ஆயிரம் உண்டு. தலையைச் சிலுப்பியது. இடது காது பாதிதான் இருந்தது.

லெப்டினன்ட் கையை இறக்கவில்லை. சின்னவன் அல்லவா, கேப்டன் இறக்கும்வரை அவன் வைத்திருக்கத்தான் வேண்டும். எல்லாம் சட்டப்படி இருந்தது. அவனுக்கு இடப்பக்கம் வந்தவனின் குதிரை மட்டும் மெதுவாகப் பக்கவாட்டில் நகர்ந்து கேப்டனின் தோள்பக்கம் வந்துகொண்டிருந்தது. தப்பாகப் போனால் சொந்த அதிகாரியைக் கொன்ற பாவி நான், அந்த ஏற்றமரத்தில் அடுத்து என்னைக் கட்டுவார்கள். இவ்வளவையும் நினைத்தேன் என்று சொன்னால் பொய். காதைப் பார்த்தேன், தட்டை எறிந்தேன், சுட்டேன்.

குண்டு அவன் தொப்பி விளிம்பில் இருந்த இரண்டு விரலையும் கொண்டுபோய் நெற்றிக்குள் நுழைந்தது. சேணத்தில் உட்கார்ந்தபடியே பின்னால் சாய்ந்தான்.

"ஸ்டெல்மாக்!" என்று கேப்டன் அலறினார். என்னைக் கொல்லப்போகிற முகத்தோடு திரும்பினார். அப்படித் திரும்பியதால்தான் பிழைத்தார். கழுத்துக்கு வந்த வாள் காதையும் தோளின் சதையையும் சீவிக்கொண்டு போனது. வெட்டியவன் ரஷ்ய மொழியில் கத்தினான். உடனே பழத்தோட்டத்துக்குள்ளிருந்து இன்னும் நாற்பது ஐம்பது குதிரைகள் பாய்ந்தன.

சூப் வரிசை அப்படியே சிதறியது. கையில் கரண்டியோடு நின்றவர்களை வெட்டினார்கள். துப்பாக்கியைத் தேடி ஓடியவர்களை முதுகில் வெட்டினார்கள். சமையல்காரன் கொதிக்கும் அண்டாவை ஒரு குதிரையின் மார்பில் கவிழ்த்தான். அது பின்னங்காலில் எழுந்து தன் மேல் இருந்தவனையும் சமையல்காரனையும் சேர்த்து நசுக்கியது. குஸ்தாவ் இயந்திரத் துப்பாக்கிவரை போய்ச் சேர்ந்துவிட்டான். தோட்டாப் பட்டையை மாட்டிப் பத்துக் குண்டுகூடச் சுட்டிருக்க மாட்டான், ஒரு ஈட்டி முதுகில் நுழைந்து அவனைத் தரையோடு தைத்துவிட்டது. அப்போதும் கையை ஊன்றி எழப் பார்த்தான். அவ்வளவு கெட்டியான ஆள்.

நான் கிணற்றடிக்கு ஓடினேன். வழியில் ஒருத்தன் குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தான், அவன் தொடையில் துப்பாக்கிமுனைக் கத்தியைச் செருகி இழுத்துக் கீழே போட்டேன். கழுத்தில் இரண்டாவது குத்து. கத்தியைக் கழற்றி ஏற்றமரத்துக் கயிற்றை அறுத்தேன். சில்வெஸ்டர் வாயிலிருந்த கந்தலைப் பிடுங்கி எறிந்தான். என்னைப் பார்க்கவே இல்லை. விறகுக் கட்டையில் செருகியிருந்த கோடரியை இடது கையால் உருவினான். எதிரே வந்த குதிரையின் முன்னங்காலை வெட்டினான். அது குப்புற விழுந்ததும் மேலே இருந்தவன் முகத்தில் ஒரே போடு. கோடரியை உருவக்கூட நிற்காமல் இயந்திரத் துப்பாக்கியை நோக்கி ஓடினான்.

மூன்று வருடம் கெய்சருக்காக அதைத்தான் சுட்டிருக்கிறான், பிறகுதான் தெரிந்தது. குஸ்தாவைப் புரட்டித் தள்ளிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தான். அதைச் சுட கட்டைவிரல்கள் போதும். ஆனால் பிடியைப் பிடிக்க எல்லா விரலும் வேண்டும். பிடித்தான். சுடச் சுட வாய்விட்டு அலறினான். அந்த அலறல் குண்டுச் சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்டது. நான் பக்கத்தில் மண்டியிட்டுப் பட்டையை ஊட்டினேன். பழத்தோட்டத்து வேலியோரம் குதிரையும் ஆளும் குவியலாக விழுந்தார்கள். இரண்டு பட்டை தீர்ந்தபோது மிச்சமிருந்தவர்கள் ஆற்றுப்பக்கம் திரும்பி ஓடினார்கள்.

எங்களில் பத்தொன்பது பேர் போயிருந்தார்கள். முற்றமெல்லாம் பார்லியும் ரத்தமும். குடல் சரிந்த குதிரைகளை ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கேப்டன் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு கிணற்றடிக்கு வந்தார்.

"போஸ்னான்காரன் எங்க?"

சில்வெஸ்டர் எழுந்து நின்றான். கேப்டனைப் பார்த்துவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்தான். பிறகு தரையில் எதையோ தேடினான். நான் போய்ச் சேற்றிலிருந்து அவன் தொப்பியை எடுத்தேன். முழங்காலில் தட்டி நீட்டினேன். வாங்கிக்கொண்டான், நன்றி சொல்லவில்லை. இடது கையால் தலையில் வைத்து நேராக்கினான்.

பிறகு வலது கையைத் தூக்கி கேப்டனுக்கு சல்யூட் அடித்தான்.

விரித்த கையாகத்தான் தூக்கப் பார்த்தான். ஆனால் விரல்கள் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. ஆள்காட்டியும் நடுவிரலும் நீண்டன. சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையில் சுருண்டு கறுத்துக் கிடந்தன. நுனியிலிருந்து ரத்தம் கன்னத்தில் வழிந்தது.

கேப்டன் பதில் சல்யூட் அடித்துவிட்டுச் சிரித்தார். நல்ல மனுஷர், பாராட்டுவதாகத்தான் நினைத்தார். "பாத்தியா ஸ்டெல்மாக்? ஒரே காலையில கத்துக்கிட்டான்!"

சில்வெஸ்டர் கையை இறக்கவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினான். ஒற்றைக் கண் என்மேல் நின்றது.

"கைய இறக்கு," என்றேன்.

"நீங்க அடிக்கலையே சார்ஜன்ட்," என்றான். "பெரியவங்க அடிக்காம நான் எப்படி இறக்குறது?"

வலியில் அவன் முகம் வெளுத்துவிட்டது. முற்றத்தில் மிச்சமிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், காலையில் பார்த்த அதே மாதிரி. நான் கையைத் தொப்பிக்குக் கொண்டுபோனேன். விரல்களை மடக்கவில்லை. நான்கு வருடம் வியன்னா பேரரசருக்கு அடித்த அதே முழுக் கை, எல்லோருக்கும் தெரியும்படி விரித்து வைத்தேன்.

கேப்டனின் சிரிப்பு நின்றுபோனது. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு அவன் கையைப் பார்த்தார். அதன் பிறகு கிணற்று விளிம்பில் காய்ந்திருந்த ரத்தத்தைப் பார்த்தார்.

சில்வெஸ்டர் கையை இறக்கினான்.